யாரிடம் முதலில் சொல்வது?

அத்தியாயம் 11

பெனிஷாவின் வெள்ளைக் கவுன் இன்னும் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது போட்டது. துவைத்துக் காய்ந்த பிறகும் அதை மடித்துப் பெட்டியில் வைக்கச் செலினுக்கு மனம் வரவில்லை. அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

ஊரில் புதுநன்மை நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். மே மாதம் மொத்தமாகக் கொடுப்பார்கள். பெனிஷா இரண்டாம் வகுப்பு. பங்குச் சாமியார் தானாகவே வீட்டுக்கு வந்து, "பிள்ளை ஆசைப்படுதுல்ல, அதுக்கு மட்டும் முன்னாடியே குடுத்துருவோம்" என்றபோது செலினுக்குப் பெருமை தாங்கவில்லை. படுக்கையில் கிடந்தாலும் மகள் செபங்களைத் தப்பில்லாமல் ஒப்பித்ததற்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்தாள். சாலமன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால் நின்றபோது, கோயிலில் பாதிப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதையும் அவள் சந்தோஷக் கண்ணீர் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

வயிற்றில் கட்டி. இரண்டு வருடமாக மதுரைக்கும் உத்தமபாளையத்துக்கும் அலைச்சல். அறுத்து எடுத்தார்கள். ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, முளைத்தது, மறுபடியும் கொட்டியது. பங்குனியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "உடம்பு தேறட்டும்னு சொல்லிருக்காக. மே மாசக் கடைசியில அடுத்த ஊசி" என்று சாலமன் சொல்லியிருந்தான்.

அந்த மே மாதத்துக்காகத்தான் செலின் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அவளுடைய போன் அடித்தது.

"அக்கா, நாகஜோதி பேசுறேன். அண்ணனுக்குப் போட்டேன், கிடைக்கல."

நாகஜோதி சின்னமனூர்க்காரி. வலிக்கு மருந்து கொடுக்க வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வீட்டுக்கு வரும் நர்ஸ்.

"வாழத்தார் ஏத்திக்கிட்டுக் கட்டப்பனைக்குப் போயிருக்காக. மலையில சிக்னல் இருக்காது. என்ன சங்கதி நாகஜோதி?"

"இன்னைக்குத் தேனியில கூட்டம்க்கா. நோயில இருக்குற பிள்ளைகளப் பத்தி எதெத முதல்ல ஆராய்ச்சி பண்ணணும்னு தாய் தகப்பன்கிட்டயே கேக்குறாக. மதுரையில இருந்து டாக்டரு வர்றாக. அண்ணன் வாரேன்னு சொல்லிருந்தாக."

"எங்கிட்டச் சொல்லலையே. ஆராய்ச்சின்னா, புது மருந்தா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. "மருந்தும் உண்டுக்கா. எல்லாந்தான். நீங்க வந்தாலும் நல்லதுதான். பங்களாமேட்டுல மண்டபத்து மாடி. நானும் அங்கனதான் இருப்பேன்."

ஆராய்ச்சி என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. செலின் அவசரமாகக் குளித்தாள். ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறையைப் பைக்குள் வைத்தாள். அடுத்த தெருவிலிருந்து சாலமனின் அக்கா ரீட்டாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

ரீட்டா அங்கன்வாடி டீச்சர். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"நீயா போற? சாலமன் வந்துரட்டுமே, அவன் போவான்."

"அவுக வரச் சாயங்காலம் ஆகும் மதினி. பெரிய டாக்டரு வர்றாகளாம். ஸ்கேனக் காட்டிட்டு வந்துருறேன்."

"இன்னொரு நாள் காட்டிக்கலாம் செலின்."

"ஏன், பிள்ளையப் பாத்துக்க உங்களுக்குச் சடவா இருக்கா?"

ரீட்டா அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

பெனிஷா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலை மருந்து குடித்திருந்ததால் வலி இல்லை. "அம்மா, வரும்போது திராட்சை வாங்கிட்டு வா. கொடியிலருந்து அறுத்த உடனே உள்ளது."

"ஊசி போட்டு முடியட்டும்."

"ஒண்ணே ஒண்ணும்மா."

"பச்சப் பழத்துல கிருமி இருக்கும்னு டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா? சொன்னாக் கேக்கணும் பெனிஷா."

குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. செலின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

வீரபாண்டியில் பேருந்து நிரம்பி வழிந்தது. அம்மன் கோயில் திருவிழாக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த பெண்கள் ஈர மஞ்சள் சேலையோடு ஏறினார்கள். செலின் ஸ்கேன் உறை நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டாக்டரிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐயா, புது மருந்து எதுவானாலும் எங்க பிள்ளைக்குப் போட்டுப் பாருங்க. நாங்க எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறோம்.

மண்டபத்து மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் கேள்விகள் எழுதிய தாள்கள்; செலின் அவற்றைப் படிக்கவில்லை. ஜன்னலோரம் நாகஜோதி ஒட்டுப்பொட்டு அட்டைகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு எந்தக் கேள்வி முக்கியமோ அதில் பொட்டு ஒட்ட வேண்டுமாம்.

மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர் ஞானசிகாமணி நரைத்த தலையும் கசங்கிய சட்டையுமாக எல்லோருக்கும் அவரே தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். செலின் நேராக அவரிடம் போனாள்.

"ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க. எம்மக ஸ்கேனு."

அவர் உறையை வாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். "கூட்டம் முடியட்டும்மா. தனியா உக்காந்து நிதானமாப் பாப்போம்."

அது நல்ல சகுனமாகவே அவளுக்குப் பட்டது.

கூட்டம் தொடங்கியதும் அவர் பேச்சை நீட்டவில்லை. "எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ண எங்களால ஆகாது. எதை முதல்ல எடுக்கணும்னு இவ்வளவு காலம் டாக்டர்கள் நாங்களே உக்காந்து முடிவு பண்ணோம். பிள்ளையோட ராப்பகலாக் கிடந்தது நீங்க. இந்தத் தடவை நீங்க சொல்லுங்க. முதல்ல உங்க பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை."

வட்டத்தின் தொடக்கத்தில் ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். "எம்பேரு மொக்கைச்சாமி. மயிலாடும்பாறை. பையன் பேரு கார்த்திக்ராஜ். இருந்தா இப்ப ஏழாவது."

அடுத்து மார்க்கையன்கோட்டை முத்துப்பேச்சி. "எம்மக நல்லா கோலம் போடுவா. போன ஆடியில தவறிட்டா."

மூன்றாவது ஆளும் அப்படித்தான் பேசினார். செத்துப்போன பிள்ளையைப் பற்றி.  வேறு ஏதோ கூட்டத்துக்குள் தவறி வந்து உட்கார்ந்துவிட்டோமோ என்று செலின் நாகஜோதியைத் திரும்பிப் பார்த்தாள். நாகஜோதி தைரியம் சொல்வதுபோலத் தலையசைத்தாள்.

செலினின் முறை வந்தது.

"எம்மக பெனிஷா. ரெண்டாவது படிக்கா. நல்லாருக்கா. வயித்துல கட்டி, அதுக்கு வைத்தியம் நடக்கு. இப்ப ஓய்வுக்கு அனுப்பிருக்காக. மே மாசக் கடைசியில அடுத்த ஊசி."

 முத்துப்பேச்சி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். நாகஜோதியின் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. டாக்டர் நாகஜோதியைப் பார்த்தார். நாகஜோதி எழுந்து வந்து செலினின் தோளைத் தொட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றார்கள். கீழே சமையல்கட்டில் யாரோ அண்டாவை உருட்டினார்கள்.

"அண்ணன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"என்ன சொல்லணும்?"

"இந்நேரம் சொல்லிருப்பாகன்னு நெனச்சுட்டேன். தெரிஞ்சிருந்தா உங்களக் கூப்பிட்டே இருக்க மாட்டேன்."

"நாகஜோதி, என்ன சொல்லணும்?"

நாகஜோதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சுவரைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், பிறகு செலினைப் பார்த்தே சொன்னாள். "மே மாசம் ஊசி இல்லக்கா. எலும்புக்கு இறங்கிருச்சு. இதுக்கு மேல மருந்து ஏத்துனா பிள்ளைக்கு வேதனதான் மிச்சம்னு மதுரையில சொல்லிட்டாக. நான் வர்றது வலியில்லாம வச்சுக்கத்தான். நோயக் குணமாக்க இல்ல."

செலின் படியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கோயிலில் கண்ணைத் துடைத்த பெண்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். வீடு தேடி வந்த சாமியார். இன்று காலை போக வேண்டாமென்று இழுத்த ரீட்டா. தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் சிரித்துக்கொண்டு நின்ற தானும் நினைவுக்கு வந்தாள்.

"ஊருக்கே தெரியுமா?"

 நாகஜோதி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, நானே வீட்டுல கொண்டுபோய் விடுறேன்."

"இப்ப வீட்டுக்குப் போக முடியாது. எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் நிப்பேன்?"

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

*

உள்ளே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. விஜய்ராஜ் என்ற இளைஞன், டாக்டரோடு ஆராய்ச்சியில் இருப்பவன், சுவரில் இருந்த கேள்விகளை வாசித்து முடித்திருந்தான். பேச முடியாத பிள்ளைக்கு எவ்வளவு வலி என்று எப்படி அறிவது? சின்ன ஊர்களில் வலி மருந்து ஏன் கிடைப்பதில்லை? கூடப்பிறந்த பிள்ளைகளை யார் கவனிப்பது? கடைசி நாட்கள் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? பிள்ளையிடம் எதை, எப்போது சொல்வது?

"மருந்து ஏன் கிடைக்கலைன்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுக்குத் தம்பி?" என்றார் மொக்கைச்சாமி. "எங்க ஊர்ல இல்ல. ஆண்டிபட்டியில இல்ல. நான் தேனிக்கு வந்து வாங்கிட்டுப் போய்ச் சேருறதுக்குள்ள எம்மகன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. கடைசியா அவன் பேசுன பேச்சே எனக்கு வெளங்கல. இதுல நீங்க என்னத்த ஆராயப் போறீக?"

 விஜய்ராஜ் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான். "ஐயா, நீங்க போய்ச் சொன்னா ஒரு வீட்டுல நடந்த கதைன்னு ஒதுக்கிருவாங்க. எத்தனை வீட்டுல இப்படி, மருந்து எந்த இடத்துல வந்து நிக்குது, யார் எழுதித் தரப் பயப்படுறாங்கன்னு ஊர் ஊராப் போய் எடுத்து வச்சாத்தான் மறுக்க முடியாது. அடுத்த பிள்ளைக்காவது மயிலாடும்பாறையிலேயே கிடைக்கணும்ல?"

மொக்கைச்சாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அப்ப எழுதுங்க. எம்மகன் பேரப் போட்டே எழுதுங்க."

பேச்சு கடைசிக் கேள்விக்கு வந்தது. பிள்ளையிடம் சொல்வதா, வேண்டாமா? ஒருவர், சொல்லவே கூடாது, பிஞ்சு மனசு என்றார். முத்துப்பேச்சி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"எம்மக ஒரே ஒரு தடவ கேட்டா. 'நான் செத்துருவேனாம்மா'ன்னு. 'வாயக் கழுவு, நீ நூறு வருசம் இருப்ப'ன்னு சொல்லிட்டேன். அப்புறம் அவ எங்கிட்ட எதுவுமே கேக்கல. மருந்து குடிம்மான்னாக் குடிப்பா. பெரண்டு படும்மான்னாப் படுப்பா. அவ்வளவுதான் பேச்சு. கூடவே இருந்தேன், ஆனா அவ தனியாத்தான் போனா."



செலின் எழுந்து நின்றாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதுல ஒரு கேள்வி இல்ல."

"சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

"எம்மகளுக்கு இனி வைத்தியம் இல்லங்கறது எனக்கு இப்பத்தான் தெரியும். அந்தா, அந்தப் படியில வச்சுத்தான் தெரியும்." ஸ்கேன் உறையை நாற்காலியில் வைத்தாள். "மதுரையில எங்க வீட்டுக்காரர மட்டும் உள்ள கூப்பிட்டாக. என்னைய ரத்த ரிப்போட்டு வாங்கிட்டு வான்னு அனுப்பிட்டாக. ரெண்டு வருசமா அவ கட்டிலுக்குக் கீழ படுத்தவ நானு. அவ வாந்திய உள்ளங்கையில ஏந்துனவ. எங்கிட்டச் சொல்ல வேணாம்னு யாரு முடிவு பண்ணா? ஒரு வீட்டுல யார்கிட்ட முதல்ல சொல்லணும்? இத ஆராய்ச்சி பண்ணுவீகளா, மாட்டீகளா?"

விஜய்ராஜ் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, அந்தக் கேள்வியை அவரே எழுதினார்.

"எனக்கும் அப்பிடித்தான்" என்றாள் முத்துப்பேச்சி. "எங்க மாமனாருகிட்டச் சொன்னாக. அவரு எம்புருசன்கிட்டச் சொன்னாரு. எனக்குக் கடைசியிலதான் தெரியும்."

பொட்டு ஒட்டும் நேரம் வந்தபோது பெண்கள் எல்லோரும் முதலில் அந்தத் தாளுக்குத்தான் போனார்கள். மொக்கைச்சாமி மருந்துக் கேள்விக்கு எல்லாப் பொட்டையும் ஒட்டிவிட்டு வந்தார். செலின் ஒன்றைத் தன் கேள்விக்கு ஒட்டினாள். ஒன்றை வலிக்கு. இன்னொன்றை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்ற தாளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு கையை உதறிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் சொன்னபடியே அவளோடு உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றையும் அவசரமாகப் பார்க்கவில்லை.

"மதுரையில சொன்னது சரிதாம்மா."

"புது மருந்து எதுவும்?"

"இல்லம்மா."

"பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்குமாச்சும் இருப்பாளா?"

படங்களை உறைக்குள் போட்டு அவளிடம் கொடுத்தார். "கஷ்டம். வலியில்லாம வச்சுக்கலாம். அத என்னால உறுதியாச் சொல்ல முடியும். நாகஜோதி எப்பக் கூப்பிட்டாலும் வருவா. பிள்ளை ஆசைப்படுறதச் சாப்பிடக் குடுங்க. எதையும் தடுக்க வேணாம்."

*

உத்தமபாளையத்தில் இறங்கியதும் ஆட்டோவைத் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் திருப்பச் சொன்னாள். பந்தலுக்கடியில் அறுவடை முடிந்து கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன. கொடியில் மிச்சமிருந்த ஒரு கொத்தை அறுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அதை மகள் மடியில் வைத்தபோது பெனிஷா நம்பவில்லை. "நெசமாவா? ஊசிக்கு முன்னாடியேவா?"

"சாப்பிடு பாப்பா."

ரீட்டா அடுப்படியிலிருந்து வேகமாக வந்தாள். "செலின், பச்சப் பழத்தக் குடுக்கிறியே. ஊசிக்கு உடம்பு..."

"எந்த ஊசிக்கு மதினி?"

ரீட்டா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.  "அவன்தான் சத்தியம் வாங்கிட்டான் செலின்" என்று முணுமுணுத்தாள். செலின் அவளைத் தாண்டிக் கொல்லைப்புறம் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் சாலமனின் வண்டி வாசலில் வந்து நின்றது. ரீட்டா வாசலிலேயே அவனிடம் ஏதோ சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தன் வீட்டுக்குப் போனாள். சாலமன் வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்தான். பனியனெல்லாம் வாழைக்கறை. செலின் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான். 

"உங்கிட்டச் சொல்ல எத்தனை தடவ வாயெடுத்தேன் தெரியுமா" என்றான் சாலமன். "குமுளி மலையில வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதுட்டுத்தான் இறங்குவேன். இன்னைக்குச் சொல்லிரணும்னு நெனச்சுட்டே வருவேன். இங்கன வந்தா நீ அவ தலையத் தடவி, 'முடி முளைக்குது பாருங்க'ம்ப. நான் எப்பிடிச் சொல்ல?"

"அதுக்கு?"

"வீட்டுல ஒருத்தராச்சும் சிரிச்சிட்டு இருக்கணும்னு நெனச்சேன். பிள்ளை உன் மொகத்தத்தான பாத்துட்டே கிடக்கா."

"நான் எங்க சிரிச்சேன்?" செலின் அவனைப் பார்க்காமல் கேட்டாள். "அதட்டிக்கிட்டே இருந்தேன். திங்காத, ஓடாத, வெயில்ல போகாத, பிள்ளைகளோட சேராத. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அவளப் பாக்க வந்துச்சுக. கிருமி ஒட்டிக்கும்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தா. எல்லாம் உங்க மே மாசத்துக்காக. அவளுக்கு மிச்சம் இருந்ததே இந்தக் கொஞ்ச நாளு. அதையும் நான் அவகிட்டருந்து புடுங்கிட்டேன். நீங்க பாத்துட்டே இருந்தீக."

சாலமன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அதை அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. தப்பு பண்ணிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான், முடியவில்லை.  அவன் தோள் குலுங்கியது. ஆனால் சத்தம் வீட்டுக்குள் கேட்டுவிடக் கூடாதென்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டான்.

செலினுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது.

அழுது ஓய்ந்த பிறகு சொன்னாள். "அவ கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஏழு வயசு செலின். வேணாம். சொல்ல வேணாம்."

"நாளைக்கு அவ நம்மகிட்டப் பேசுறதையே விட்டுட்டா?"

"கும்புட்டுக் கேக்குறேன். சொல்ல வேணாம்."

கொல்லைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அப்பா, எதைச் சொல்ல வேணாம்?"

சாலமன் அப்படியே உறைந்துபோனான். செலின் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவன் முகத்தையும் துடைத்துவிட்டாள். "நீங்களும் வாங்க" என்று அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பெனிஷாவுக்குச் சாயங்கால மருந்து கொடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். செலின் முதலில் மருந்தை அளந்து ஊற்றிக் குடிக்கவைத்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். கட்டிலில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சாலமன் கால்மாட்டில் உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு என்ன தெரியணும் பாப்பா? நீ கேளு. அம்மா சொல்றேன்."

பெனிஷா இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுத கண்கள் இரண்டு ஜோடி. அவளுக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஜூன் மாசம் நான் மூணாவது போவேனா?"

"போவடா..." என்று சாலமன் ஆரம்பித்தான். செலின் அவனைப் பார்த்தாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

மகளின் கன்னத்தில் கைவைத்தபடி செலின் சொன்னாள். "போக முடியாதுன்னு டாக்டரு சொல்லிருக்காக பாப்பா. உன் உடம்புல இருக்குற நோயப் போக்க அவுககிட்ட மருந்து இல்லையாம். வலிக்காமப் பாத்துக்க மருந்து இருக்கு. அம்மாவும் அப்பாவும் எங்கயும் போக மாட்டோம். உங்கூடவே இருப்போம்."

சாலமன் குனிந்து மகளின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டான்.

பெனிஷா அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மருந்து வேலை செய்யத் தொடங்கியதால் இமைகள் கனத்திருந்தன. ஆனாலும் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு அம்மாவின் கையை இழுத்தாள்.

"மூணாவதுக்கு எல்லாரும் போயிருவாகல்ல," என்றாள். "அப்ப நான் எங்கம்மா இருப்பேன்?"